கமிஷனருக்காக அடிச்ச வெள்ளை

உக்காருங்க மேடம். அந்தச் சேர் வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன வேகமா வச்சா கரகரன்னு சத்தம் போடும், உள் ரூம்புல பாப்பா தூங்குது, அதான் மெதுவா வச்சிருக்கேன். என் பேத்தி. என் பொண்ணு மஞ்சரிக்குத் தலப் பிரசவம், இங்க வந்திருக்கா. இன்னும் பேர் வைக்கல.

நான்தான் எச் பிளாக் சங்கத்து செயலாளர், வேதவல்லி. கோர்ட்டுலேர்ந்து யார் வந்தாலும் முதல்ல இந்த வீட்டுக்குத்தான் வரணும். நீங்க நேரா மூணாவது மாடிக்குப் போகப் பாத்தீங்க, அந்த அமலோற்பவம் வீட்டுக்கு. தப்பு சொல்லல. கேஸ் போட்டவ அவதானே. ஆனா ஒரு பக்கத்த மட்டும் கேட்டுட்டுப் போனா நியாயமா சொல்லுங்க? அதான் படியிலயே மடக்கிக் கூட்டிட்டு வந்துட்டேன். உங்ககூட வந்த இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் பாட்டுக்கு மேல் மாடியிலேர்ந்து சீலிங்கத் தட்டிக்கிட்டே எறங்கி வரட்டும். அவர் ரெண்டாவது மாடிக்கு வர்றதுக்குள்ள நான் எல்லாத்தயும் சொல்லி முடிச்சிடறேன்.

கேக்குதா? டொக்கு டொக்குன்னு. சின்ன சுத்தியல் வச்சிருக்காரு போல.

போன தடவ வந்த கமிஷனர் சுத்தியலெல்லாம் எடுத்துட்டு வரல மேடம். உங்கள மாதிரி வக்கீல்தான், கோர்ட்டுதான் அனுப்பிச்சுது, போய் பில்டிங்கப் பாத்துட்டு வந்து சொல்லுன்னு. வயசானவர். தங்கமான மனுஷன். கையப் பின்னாடி கட்டிக்கிட்டு அண்ணாந்து பாத்தாரு, செல்லுல ஃபோட்டோ எடுத்தாரு, ரோஸ் மில்க் குடிச்சாரு, போயிட்டாரு. எங்க பிளாக்கப் பாத்து, பிரைவேட் ஃபிளாட் மாதிரி வச்சிருக்கீங்களேம்மான்னு என்கிட்டயே சொன்னாரு. அவர் வாயால சொன்னது. எனக்கு அன்னிக்குச் சோறு தண்ணியே வேண்டியிருக்கல.

டீ குடிங்க, ஆறிடும்.

நான் அமலாவுக்கு எதிரின்னு யாராவது சொல்லியிருப்பாங்க உங்ககிட்ட. நம்பாதீங்க. கால்வாய் ஓரத்துல எங்க ரெண்டு பேர் குடிசையும் ஒட்டி ஒட்டி இருந்துச்சு. அவ வீட்டு அடுப்பு புகைஞ்சா என் வீட்டுல இருமுவோம். அங்கேர்ந்து எங்கள லாரியில ஏத்தி இங்க கொண்டாந்து எறக்கினாங்களே, அன்னிக்கு அவ மூட்டைய நான் தூக்கினேன், என் மூட்டைய அவ தூக்கினா. அவ்ளோ பழக்கம்.

அந்தக் காலி பண்ண வந்த நாள மட்டும் நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் மேடம். ஒரு ஆபீசர் வந்தாரு. என் வாசல்ல நின்னுக்கிட்டு மூக்குல வச்ச கர்ச்சீப்ப எடுக்கவே இல்ல. நான் காலையிலதான் வாசல் தெளிச்சு கோலம் போட்டிருந்தேன். கோலத்து மேலயே நின்னாரு. பேசும்போது கூட கர்ச்சீப்புக்குள்ள பேசினாரு. எனக்கு அப்படியே பூமி பொளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு. அன்னிக்கு நெனச்சதுதான், இனிமே ஒருத்தரும் என் வீட்டு வாசல்ல வந்து மூக்கப் பொத்தக் கூடாதுன்னு.

அதனாலதான் இந்த பிளாக்க இப்படி வச்சிருக்கேன். நீங்க ஜே பிளாக் போய்ப் பாருங்க, படியேற முடியாது. இங்க எவனாவது படியில எச்சி துப்பட்டும் பாக்கலாம், சட்டையப் புடிச்சு அவனையே தொடைக்க வைப்பேன். பெரிய ஆளுங்க யாராவது வர்றாங்கன்னா முந்தின நாளே எல்லாரயும் எறக்கிடுவேன். தண்ணி ஊத்திக் கழுவி, வாசலுக்கு வாசல் கோலம், ஒழுகுற இடத்துல பிளெக்ஸ் பேனர் கட்டிடுவோம். வர்றவங்க கண்ணுல அசிங்கம் படக்கூடாது. நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வரும்போது அழுக்குத் துணிய நடு ஹால்ல போட்டு வைப்போமா? அது மாதிரிதான்.

ஆமா, ஒழுகும். இல்லன்னு சொல்லல. அரசாங்கம் கட்டின வீட்டுல எது மேடம் ஒழுகல? பாத்ரூம் பைப்புல கசியும், செவுத்துல பாசி புடிக்கும், மழை வந்தா சீலிங்ல ஊறும். அங்கங்க காரை உதிரும். அதுக்கெல்லாம் குடிசை மாத்து வாரியத்துக்கு எத்தன தடவ மனு குடுத்திருக்கேன் தெரியுமா? நான் குடுக்காத மனுவா? எத்தனையோ வருஷமா நடந்தேன். ஒரு மூட்டை சிமெண்ட் வரல. அப்பல்லாம் அமலா எங்க போனா? என் பின்னாடிதான் நடந்தா.

அவ வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி அண்ணன் மீன் லோடு எறக்கிக்கிட்டு இருந்தாரு. வாதம் அடிச்சு ஒரு பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. வலது கை மட்டும் தூக்குவாரு, ஆ ஆன்னு ஒரு சத்தம் வரும், அவ்ளோதான். அமலா ஆஸ்பத்திரியில ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போறா. போகும்போது வீட்டப் பூட்டிட்டு சாவிய என்கிட்ட குடுத்துடுவா. மத்தியானம் நான் மேல ஏறிப் போய் அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டிட்டு, வாயத் தொடச்சு, படுக்க வச்சிட்டு வருவேன். மழையானாலும் வெயிலானாலும். ஒரு நாள் தவறினதில்ல. இத எழுதிக்கோங்க.

ஒரு நாள் நான் கஞ்சி எடுத்துட்டுப் போறேன், கதவத் தெறந்தா ரூம்பு பூரா புழுதி. சீலிங்லேர்ந்து ஒரு கட்டி விழுந்திருக்கு, ஆட்டுக்கல் குழவி அளவு. அண்ணன் தலைமாட்டுல. தலகாணி ஓரத்துல. அவர் கண்ண மூடாம அப்படியே மேல பாத்துக்கிட்டிருக்காரு. மேல பாத்தா கம்பி தெரியுது, துரு புடிச்சு ஊதிப்போய். நான்தான் புழுதியெல்லாம் தொடச்சேன், நான்தான் அமலாவுக்கு போன் போட்டேன்.

அவ வந்து பாத்தா. அண்ணன் கட்டில இழுத்து சமையக்கட்டுல போட்டா. மறுநாளே வாரியத்து மேல கேஸ் போட கோர்ட்டுக்குப் போயிட்டா. கோர்ட்டுக்குள்ளயே ஏழைங்களுக்கு வக்கீல் வச்சுக் குடுக்குறாங்களாமே, காசு வாங்காம, அங்க. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. சங்கம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?

நான் அப்பவே சொன்னேன், ஓசி வக்கீல் ஓசி வக்கீலாத்தான் இருப்பான்னு. ஓசியில வர்றது எதுவும் உருப்படாதுடி, சும்மா கெடைக்குதுன்னு போனா இப்படித்தான் நாய் மாதிரி அலைய விடுவாங்கன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? "இன்னாக்கா, நாம இருக்கிற வீடு இன்னா, காசு குடுத்தா வாங்கினோம்?"ன்னு கேட்டா. அதுவும் இதுவும் ஒண்ணா மேடம்? வீடு நமக்குக் குடுக்க வேண்டியது, குடுத்தாங்க.

ஆனா நான் சொன்னதுதான் நடந்துச்சு. முதல்ல குடுத்த வக்கீல் போன எடுக்கவே இல்ல. அடுத்து ஒருத்தர், கோர்ட்டுக்கு வருவாரு, வாய்தா வாங்குவாரு, போயிடுவாரு. ஃபைல்ல என்ன இருக்குன்னே தெரியாது அவருக்கு. ஒரு தடவ ஜட்ஜு முன்னாடி அமலாவப் பாத்து, நீங்க வாரியத்துக்கு ஆஜராகுற அம்மாதானேன்னு கேட்டிருக்காரு. லீவு போட்டுட்டுப் போய் வராண்டாவுல நின்னுட்டு நின்னுட்டு வருவா. கால் வீங்கிப் போய் வருவா, நான்தான் வெந்நீர் வச்சுக் குடுப்பேன். எப்படியோ, நேர்ல போய்ப் பாக்கட்டும்னு ஜட்ஜு கமிஷனர போட்டாரு.

மேடம், இதுதான் முக்கியம், இத நல்லா கேட்டுக்கோங்க.

கமிஷனர் வர்றாருன்னு தேதி சொன்னதும் எங்க வாரியத்து இன்ஜினியர் எனக்கு போன் பண்ணாரு. கதிரேசன் சார். அதுவரைக்கும் நான் போன் போட்டா எடுக்காதவரு, அவரே பண்ணாரு. "செயலாளரம்மா, கோர்ட்டுலேர்ந்து வர்றாங்க. நம்ம பிளாக்கப் பாத்து மொகம் சுளிச்சிடக் கூடாது. உங்கள நம்பித்தான் இருக்கேன்"னாரு. அம்மான்னாரு மேடம். நம்ம பிளாக்னாரு. நான் சொன்னேன், சார், செய்யணும்னா சாமான் வேணுமேன்னு. மறுநாள் லாரி வந்துடுச்சு! சிமெண்ட் மூட்டை, சுண்ணாம்பு, பட்டி, பெயிண்ட்டு டப்பா. எத்தன வருஷமா கேட்டது, ஒரே போன்ல. பிளாக்கே வேடிக்க பாத்துச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க.

அத எதுக்கு எழுதுறீங்க? லாரி நம்பரெல்லாம் எனக்குத் தெரியாது. வாரியத்து லாரிதான். நல்லது பண்ணதத்தானே சொல்றேன். எழுதுங்க, நல்லா எழுதுங்க. கதிரேசன் சார் பேரையும் போடுங்க. இப்ப மாத்தலாகிப் போயிட்டாரு பாவம்.

கீழ் வீட்டு சந்தானம் மேஸ்திரியக் கூப்பிட்டேன். பசங்க, பொம்பளைங்க எல்லாரும் எறங்கிட்டோம். வீடு வீடா சீலிங்கப் பூசி, பட்டி தேச்சு, வெள்ளையடிச்சு... கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு மேடம் அன்னிக்கு. சந்தானம் ஒருத்தன்தான் இழுத்தான். கம்பி ஊதியிருக்கு அக்கா, அதச் சரி பண்ணாம மேல பூசினா நிக்காதுன்னான். நாளைக்கு ஒரு நாள் நிக்குமாடான்னு கேட்டேன். அது நிக்கும்னான். அப்ப பூசுடான்னேன்.

அய்யோ, அது ஒரு பேச்சுக்குச் சொன்னது மேடம். அவசரத்துல எல்லாரும் சொல்றதுதானே. அத எழுதாதீங்க.

தட்டுறது நின்னுடுச்சா? இல்ல, மாடி மாறுறாரு போல. செருப்புச் சத்தம் கேக்குது.

அமலாவுக்கு அன்னிக்கு டபுள் டூட்டி. ஆள் வரலன்னு அங்கயே நிறுத்திட்டாங்க. சாவி என்கிட்டதான். பிளாக்கே பளபளன்னு இருக்கு, அவ வீடு மட்டும் கம்பி தெரிஞ்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? கமிஷனர் நேரா அங்கதானே போவாரு? பாவம், அவளுக்குச் செய்ய ஆள் யாரு இருக்கா? புருஷன் படுக்கையில. நான் செய்யாம யார் செய்வா? தெறந்தேன். சந்தானத்த உள்ள விட்டேன்.

ஆரோக்கியசாமி அண்ணன் சமையக்கட்டுலேர்ந்து பாத்துட்டாரு. ஆ ஆன்னு ஆரம்பிச்சாரு. கையத் தூக்கித் தூக்கி ஆட்டுறாரு. சரி, வீட்டுல வேலை நடக்குதுன்னு சந்தோஷத்துல கத்துறாருன்னு நெனச்சேன். விடாம கத்தினாரு. வேர்த்து ஊத்துது. கண்ணுலேர்ந்து தண்ணி. சுண்ணாம்புத் தூசி கண்ணுல பட்டுடுச்சு போலன்னு ஒரு போர்வைய எடுத்து மொகத்த மூடி விட்டேன். அதுக்குள்ளயும் கத்திக்கிட்டேதான் இருந்தாரு. சந்தானம் சாரத்துலேர்ந்து எறங்கிட்டான், வேணாம்க்கான்னு. நான்தான் அதட்டி ஏத்தி விட்டேன்.

சாயங்காலம் அந்த ரூம்பப் பாத்திருக்கணும் நீங்க. பால் மாதிரி. இங்கதான் கட்டி விழுந்துச்சுன்னு சொன்னா சாமி கூட நம்பாது.

மறுநாள் காலையில அமலா டூட்டி முடிஞ்சு வந்தா. அவ வர்றதுக்கும் கமிஷனர் கார் வந்து நிக்கிறதுக்கும் சரியா இருந்துச்சு. நான் தட்டுல சந்தனம் குங்குமம் வச்சு வாசல்ல நிக்கிறேன். அவரக் கூட்டிக்கிட்டு மேல போனா, அமலா ரூம்பு நடுவுல நிக்கிறா, பையக் கூட கீழ வைக்கல. அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கிறா. அமலா, எப்படிடி இருக்குன்னு நான் கேட்டேன். அவ திரும்பி என்னப் பாத்தா பாருங்க. அந்த மாதிரி என்ன யாரும் பாத்ததில்ல மேடம். என் மாமியார் கூட பாத்ததில்ல.

அப்புறம் கத்த ஆரம்பிச்சா. "இங்கதான் சார், இங்கதான் விழுந்துச்சு, உள்ள கம்பி கீது சார், மூடிட்டாங்க"ன்னு. அவர் அண்ணாந்து பாத்தாரு. வெள்ளையா இருக்கு. அவர் என்ன பண்ணுவாரு? இவ ஓடிப் போய் ஸ்டூல இழுத்துப் போட்டு மேல ஏறிட்டா. கரண்டிய எடுத்து சீலிங்க சுரண்டுறா. ஈரப் பூச்சு, பொலபொலன்னு கொட்டுது, கம்பி தெரியறதுக்குள்ள கமிஷனர், "அம்மா, நீங்களே ஒடச்சுக் காட்டக் கூடாது, எறங்குங்க"ன்னாரு. அவ கேக்கல. மானம் போகுது மேடம். பெரிய மனுஷன் முன்னாடி, ஆஸ்பத்திரி யூனிஃபார்மோட, ஸ்டூல் மேல நின்னுக்கிட்டு, தலையெல்லாம் சுண்ணாம்பு. நான்தான் இடுப்பச் சேத்துக் கட்டிப் புடிச்சுக் கீழ எறக்கினேன். என் கையக் கடிச்சிட்டா. பாருங்க, இன்னும் தழும்பு இருக்கு.

அவ வக்கீல் எங்கன்னு கேக்குறீங்களா? வரவே இல்ல. வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு போன ஆஃப் பண்ணி வச்சிட்டாரு. அவர் வந்திருந்தா முன்னாடியே சொல்லியிருப்பாரா, எதயும் தொடாதீங்க, அப்படியே வைங்கன்னு? எங்களுக்கு என்ன மேடம் தெரியும்? கோர்ட்டு வருதுன்னா வீட்ட சுத்தம் பண்ணி வைக்கணும்னுதான் தெரியும். அசிங்கமா வச்சாத்தான் கேஸ் ஜெயிக்கும்னு யார் எங்களுக்குச் சொன்னது?

ரிப்போர்ட்டுல என்ன எழுதினாருன்னா, கட்டடம் நல்ல நிலைமையில பராமரிக்கப்பட்டிருக்கு, மனுதாரரே சீலிங்க சேதப்படுத்த முயற்சி பண்ணாங்கன்னு. வாரியத்து வக்கீல் அதத் தூக்கிக் காட்டினாராம். அமலா வக்கீல் எழுந்திருக்கவே இல்லையாம். மனு தள்ளுபடி.

எவளாவது வீட்ட வெள்ளையடிச்சுக் குடுத்ததுக்கு அழுவாளா மேடம்? நீங்களே சொல்லுங்க. அன்னியிலேர்ந்து என்கூடப் பேசறதில்ல. சாவிய நாலாவது மாடிக்காரிகிட்ட குடுக்குறா. அவளா கஞ்சி ஊட்டுவா? டி.வி. பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. மத்தியானமானா மேல அண்ணன் கையால கட்டில் கட்டையத் தட்டுவாரு, பசியில. எனக்குக் கீழ கேக்கும். இங்க கஞ்சி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், ஏறிப் போக முடியாது. அவளுக்கு நான் என்ன துரோகம் பண்ணேன்?

இப்பவும் விடல அவ. மறுபடியும் அதே ஓசி வக்கீல் ஆபீஸுக்குத்தான் போயிருக்கா. இந்தத் தடவ ஒரு சின்னப் பொண்ணப் போட்டாங்க. அது ஸ்கூட்டர்ல வந்துச்சு, மாடி பூரா ஏறுச்சு, எல்லார் வீட்டுக் கதவயும் தட்டுச்சு. என்கிட்டயும் வந்து, சிமெண்ட் யார் அனுப்பினாங்கன்னு கேட்டுச்சு. நான் வாயத் தெறக்கல. அந்தப் பொண்ணு மேல்கோர்ட்டுல என்னமோ போட்டுத்தானே நீங்க வந்திருக்கீங்க, சுத்தியலோட, சொல்லாம கொள்ளாம. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான்...

சரி, அத விடுங்க.

இருங்க. மேல வந்துட்டாரு. அது அமலா வீடுதான், நம்ம தலைக்கு நேர் மேல.

இந்தச் சத்தம் வேற மாதிரி இருக்கே. நாலாவது மாடியில டொக்கு டொக்குன்னு கேட்டுச்சு, இது பொத்து பொத்துன்னு கேக்குது. உள்ள ஒண்ணுமில்லாத டப்பாவத் தட்டுற மாதிரி. ஏன் மேடம் எழுதாம நிறுத்திட்டீங்க?

அய்யய்யோ!

என்னது அது? விழுந்துச்சா? மேடம், டீயில தூசி விழுந்துடுச்சு, குடிக்காதீங்க, வேற போட்டுத் தர்றேன். உக்காருங்க, உக்காருங்க. ஒண்ணும் ஆயிருக்காது. அண்ணன் கட்டில் இன்னும் சமையக்கட்டுலதான் இருக்கும். அமலா உள்ள போட மாட்டா. எத்தன வெள்ளையடிச்சாலும் போட மாட்டா. அமலா குரல்தானே அது? என்ன சொல்றா? அழுறாளா, சிரிக்கிறாளா, ஒண்ணும் புரியல.

அவ வீட்டுல விழும் மேடம். அவ அன்னிக்குச் சுரண்டிட்டா, அதனால விழும். என் வீடு அப்படி இல்ல. சந்தானம் எனக்கு ரெண்டு கை பூச்சா பூசிக் குடுத்திருக்கான். கோர்ட்டே எழுதிக் குடுத்துடுச்சு நல்ல நிலைமைன்னு, கோர்ட்டு பொய் சொல்லுமா? அந்த தைரியத்துலதான் நான் என் பொண்ண இங்க கூட்டிட்டு வந்தேன். சம்பந்தி வீட்டுல, அந்த பில்டிங்குக்கா அனுப்பறதுன்னு முணுமுணுத்தாங்க. ரிப்போர்ட்டச் சொல்லித்தான் வாய அடச்சேன். உள்ள சீலிங்ல ஊக்கு அடிச்சு, என் கல்யாணப் புடவையில தூளி கட்டி, அதுலதான் புள்ள தூங்குது. பயமா இருந்தா கட்டுவேனா?

மேடம், நான் ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்காதீங்க. நல்லா இருக்குன்னே எழுதிடுங்க. உங்க கையப் புடிச்சுக் கேக்குறேன். புதுசா வந்திருக்கிற இன்ஜினியர் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டாரு, ஆபத்துன்னு வந்துட்டா பிளாக்கையே காலி பண்ணணும், எங்க போடுவோம்னு எங்களுக்கே தெரியாதுன்னு. மறுபடியும் லாரியா? பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? ஒரு தடவ தூக்கிப் போட்டதையே இன்னும் தாங்கிக்கிட்டு இருக்கோம். பயமா இருக்கு மேடம். கால் வைக்க இடமில்லாம போயிடும்னு பயமா இருக்கு. அமலாவுக்கு வேணா தனியா ரிப்பேர் பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க. எங்கள விட்டுடுங்க.

எறங்கி வர்றாரு.

வாங்க சார், வாங்க. உங்க சட்டையெல்லாம் சுண்ணாம்பு. தண்ணி குடிக்கிறீங்களா? மேல யாருக்கும் அடி படலையே? அண்ணன் நல்லாத்தானே இருக்காரு? அப்பாடா. நான் சொன்னேன்ல மேடம்.

என் வீடா? தாராளமா பாருங்க. எனக்கென்ன பயம்? ஹாலப் பாருங்க, ஒரு கீறல் இருக்கா? உள் ரூம்பும் அப்படித்தான். கல்லு மாதிரி இருக்கும். தட்டுங்க, நல்லா தட்டுங்க. எதுக்கு யோசிக்கிறீங்க? இதுதான் ரூம்பு. இதுதான்...

சார், சார், ஒரு நிமிஷம். சுத்தியல எறக்குங்க. ஒரே நிமிஷம்.

மஞ்சரி, ஏய், எழுந்திரு. எழுந்து வெளிய வா. தலைய அப்புறம் முடிஞ்சுக்கலாம், வாடி. புள்ளைய நான் எடுத்துக்கிட்டேன், நீ வா. ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல, அழாத, பாட்டி தூக்கிக்கிட்டேன். மேடம், நீங்களும் எழுந்திருங்க. ஃபைல் கெடக்கட்டும், எழுந்திருங்க.

வராண்டாவுல வேணாம்டி. அங்கயும் மேல அதேதான். படியிலயும் நிக்காத. எறங்கு. கீழ எறங்கு, வேப்பமரத்தாண்ட போய் நில்லு.

நாங்க வெளிய போனதும் குரல் குடுக்குறேன் சார். அதுக்கப்புறம் தட்டுங்க.